அளக்காத ஆண்டுக்கும் எண் காட்டும் வரைபடங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழ்களின் இணையப் பக்கங்களில் அசையும் வரைபடங்கள் பெருகிவிட்டன. ஆண்டுகள் ஓட ஓடக் குமிழ்கள் இடம் மாறுகின்றன, பட்டைகள் ஒன்றையொன்று முந்துகின்றன. இவற்றில் பலவற்றை ஆர், பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் இருபது முப்பது வரி நிரலிலேயே செய்துவிடலாம். செய்வது எளிதானது நல்லதுதான். ஆனால் இவற்றில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. நிரலை ஓட்டும்போது எந்த எச்சரிக்கையும் வராது, படத்தைப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது. யாரும் அளக்காத எண்களை, அளந்த எண்களோடு வித்தியாசம் தெரியாமல் இந்தப் படங்கள் காட்டிவிடுகின்றன. உங்கள் இணையப் பதிப்பின் வரைகலைப் பிரிவுக்கும், இப்படிப் படம் செய்து பகிரும் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாடுகளின் ஆயுள், வருமானம், மக்கள்தொகை அடங்கிய கேப்மைண்டர் தரவு, ஆர் கற்பவர்கள் பலரும் கையாண்டு பார்ப்பது. 142 நாடுகள், 1952 முதல் 2007 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஆக 12 ஆண்டுகள், 1,704 வரிசைகள். ஸ்வீடன் மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ராஸ்லிங் 2006இல் டெட் சொற்பொழிவு மேடையில் இதே வகைக் குமிழ்களை ஓடவிட்டுப் பேசிய பிறகுதான் அசையும் வரைபடத்துக்கு உலகெங்கும் மவுசு வந்தது. அந்தத் தரவை, ஆரில் வரைபடங்களை அசைக்கும் ஜிஜிஅனிமேட் தொகுப்பில் கொடுத்து, வேறு எதையும் மாற்றாமல் ஓட்டினால் 100 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படச்சட்டங்கள், கிடைக்கும். நொடிக்கு 10 வீதம் பத்து நொடிப் படம். தரவில் இருப்பதோ 12 ஆண்டுகள். எஞ்சிய 88 பிரேம்களில் இருக்கும் ஒவ்வொரு குமிழின் இடமும் மென்பொருள் இடைக்கணிப்பு செய்து, அதாவது அளந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே தானே கணித்து, போட்டது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு ருவாண்டாவின் வரிசைகளைப் பாருங்கள். ஆயுள் எதிர்பார்ப்பு 1987இல் 44.0, 1992இல் 23.6, 1997இல் 36.1. தரவில் இருப்பது இவ்வளவுதான். படம் ஓடும்போது, தலைப்பில் 1990 என்று வருகையில் குமிழ் ஏறக்குறைய 31.8இல் இறங்கிக்கொண்டிருக்கும். 1994 என்று வருகையில் 28.6 அருகே, மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். 1994 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அந்த நாட்டில் நடந்தது இனப்படுகொலை. அந்த ஆண்டின் பெயரைத் தலைப்பில் போட்டு, மக்களின் ஆயுள் கூடுவதாகப் படம் காட்டுகிறது. தரவில் 1994 என்ற ஆண்டே கிடையாது. 1992க்கும் 1997க்கும் நடுவே மென்பொருள் இழுத்த நேர்கோட்டின் ஒரு புள்ளிதான் அது. வாசகர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தால், இல்லாத ஒரு புள்ளிவிவரம் உங்கள் நாளிதழின் பெயரோடு ஊர் சுற்றும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் சேர்த்தே செய்யலாம். முதலாவது, டிரான்சிஷன் டைம் என்ற கட்டளைக்குப் பதில் டிரான்சிஷன் ஸ்டேட்ஸ் என்பதைப் பயன்படுத்துவது. முன்னது காலத்தைத் தொடர்ச்சியான நதியாக எண்ணி, நடுவிலுள்ள ஆண்டுகளையும் தலைப்பில் எழுதும். பின்னது ஒவ்வொரு ஆண்டையும் தனித்தனி நிலையாக எடுத்துக்கொள்ளும். தலைப்பில் பிரேம் டைம் என்பதை விட்டுவிட்டு குளோசஸ்ட் ஸ்டேட் என்று கொடுத்தால் 1952, 1957, 1962 என்று அளந்த ஆண்டுகளின் பெயர் மட்டுமே வரும். இரண்டாவது, நிற்கும் நேரத்தைக் கூட்டுவது. நகரும் நீளம், நிற்கும் நீளம் என்று இரண்டு எண்களை அந்தக் கட்டளை கேட்கும். அவை நொடிகள் இல்லை, விகிதம். 1, 3 என்று கொடுத்தால் நகர்வதைப் போல மூன்று மடங்கு நேரம் அளந்த ஆண்டில் நிற்கும். நிறுத்திப் பார்ப்பவர் கையில் உண்மையான பிரேம் அகப்படும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஷேடோ மார்க் என்றொரு கட்டளை இருக்கிறது. அது கடந்துபோன அளவீடுகளை, இடைக்கணிப்பு கலக்காமல், மூலத் தரவில் இருந்தபடியே பின்னணியில் விட்டுச்செல்லும். அவற்றைச் சிறிய சாம்பல் நிறப் புள்ளிகளாக வைத்துவிட்டால், எது அளந்தது, எது நடுவே ஊர்ந்துபோனது என்பது கண்ணுக்கே தெரியும். 142 நாடுகளுக்கும் வைத்தால் படம் அடைத்துப்போகும். சொல்ல வந்த நான்கைந்து நாடுகளுக்கு வைத்தால் போதும்.

நகர்வின் வேகத்தை வளைக்கும் ஈஸ் அமைப்பிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. இயல்பு அமைப்பு லீனியர், அதாவது ஒரே வேகம். அழகுக்காக எலாஸ்டிக், பேக் என்ற வகைகளைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அவை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் வகைகள். 80இல் நிற்க வேண்டிய பட்டை ஒரு கணம் 80ஐத் தாண்டிவிட்டுப் பின்வாங்கும். தரவில் எங்குமே அந்த உச்சம் கிடையாது. காலத்தொடரில் வேகமே ஒரு தகவல். வேகமாக ஏறினால் வேகமாக வளர்ந்தது என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே மதிப்புகளுக்கு லீனியர்தான் சரி. பட்டைகள் தரவரிசையில் இடம் மாறுவதற்கு மட்டும் கியூபிக் இன் அவுட் என்ற வகையைப் போடலாம், அது தாண்டிப்போகாது.

அடுத்தது, அதிகம் பேரைக் குழப்பும் பிழை. ஒரு பிரேமில் உள்ள புள்ளி அடுத்த நிலையில் எந்தப் புள்ளி ஆகிறது என்பதை மென்பொருள் எப்படி அறியும்? குரூப் என்ற பண்பில் நாம் சொன்னால் அறியும். சொல்லாவிட்டால், நிறம் போன்ற பிற வகைப்பாடுகளை வைத்துத் தானே குழு பிரித்துக்கொள்ளும், குழுவுக்குள் வரிசை எண்ணைப் பார்த்து இணைக்கும். கண்டத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறீர்கள், நாட்டைக் குரூப்பில் சொல்லவில்லை என்று வையுங்கள். எல்லா ஆண்டிலும் எல்லா நாடும் அதே வரிசையில் இருக்கும்வரை படம் சரியாகத்தான் ஓடும், அதனால் பிழை வெளியே தெரியாது. ஏதோ ஓர் ஆண்டில் ஒரு நாட்டின் வரிசை விடுபட்டால் போதும், அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி மேலேறி, ஒவ்வொரு நாட்டின் புள்ளியும் அடுத்த நாட்டின் இடத்துக்குப் பறக்கும். பார்ப்பவர் அதைத் திடீர்ப் பொருளாதார மாற்றம் என்று நினைப்பார். குரூப்பில் நாட்டின் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. பைத்தானின் பிளாட்லி எக்ஸ்பிரஸ் என்ற வரைபடத் தொகுப்பில் இதற்கு அனிமேஷன் குரூப் என்று பெயர். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: முதல் பிரேமில் இல்லாத ஒன்று பின்னால் புதிதாக வந்தால் சரியாக வரையப்படுவதில்லை. எல்லா ஆண்டிலும் எல்லாப் பெயரும் இருக்கும்படி தரவை முன்கூட்டியே நிரப்பிவிட்டால்தான் நிம்மதி. நிரப்புவது என்றால் வரிசையைச் சேர்ப்பது மட்டுமே. மதிப்பு தெரியாத இடத்தில் பூஜ்ஜியம் போடக் கூடாது. பூஜ்ஜியம் போட்டால் பட்டை சரிந்து விழுந்து மறு ஆண்டு எழும், அதுவும் நடக்காத ஒன்று.

தரவின் வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுகள் நெடுவரிசைத் தலைப்புகளாகப் படுத்திருக்கும் எக்செல் தாளை அப்படியே கொடுத்தால் வேலை நடக்காது. பெயர், காலம், மதிப்பு என்று நீளவாக்கில் நிற்கும்படி மாற்ற வேண்டும். ஆரில் பிவட் லாங்கர் கட்டளை இதைச் செய்யும். செய்து முடித்ததும் ஆண்டு நெடுவரிசை எண்ணாக இல்லாமல் எழுத்தாக மாறியிருக்கும். அதை எண்ணாக மாற்றாமல் டிரான்சிஷன் டைமிடம் கொடுத்தால் ஏற்காது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பிரேம் என்றே ஒரு பண்பைப் புள்ளி வரைபடத்துக்குள் எழுதச் சொல்லியிருப்பார்கள். அது டேவிட் ராபின்சன் எழுதிய ஜிஜிஅனிமேட்டின் முதல் வடிவத்துக்கு உரியது. தாமஸ் லின் பெடர்சன் முழுவதும் மாற்றி எழுதி 2019இல் வெளியான 1.0 பதிப்பு முதல் அந்த முறை செல்லாது.

பட்டைகள் ஒன்றையொன்று முந்தும் பட்டை ஓட்டப் படங்களுக்கு வருகிறேன், இன்று அதிகம் பகிரப்படுவது அவைதான். ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாக ரேங்க் போட்டு, அந்த ரேங்க்கைச் செங்குத்து அச்சில் வைக்கிறோம். இரண்டு பேருக்கு ஒரே மதிப்பு வந்தால் ரேங்க் கட்டளை இயல்பாகச் சராசரி எடுத்து இருவருக்கும் 2.5 தரும். இரண்டு பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஒரு பெயர் காணாமல் போகும். டைஸ் மெத்தட் என்பதில் ஃபர்ஸ்ட் என்று கொடுத்தால் ஒருவருக்கு 2, மற்றவருக்கு 3 என்று பிரித்துவிடும். பட்டையின் நுனியில் ஓடும் எண் 45.382917 என்று தசமங்களை உதிர்த்துக்கொண்டு போவதையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இடைக்கணிப்பின் வேலைதான். முழு எண்ணாக மாற்றி, எழுத்தாகக் கொடுத்துவிட்டால் அளந்த மதிப்பு மட்டுமே தெரியும், நடுவில் உருளாது. கடைசி ஆண்டு முடிந்ததும் பட்டைகள் எல்லாம் நகர்ந்தபடியே முதல் ஆண்டுக்குத் திரும்பினால், ராப் அமைப்பை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று பொருள். அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். கடைசி பிரேமைப் பிடித்து நிறுத்த எண்ட் பாஸ் என்பதில் 30 கொடுத்தால், நொடிக்கு 10 வீதத்தில் மூன்று நொடி நிற்கும்.

அச்சைப் பற்றி ஒன்று. அளவுகோல் முழுத் தரவின் சிறுமத்தையும் பெருமத்தையும் கொண்டு ஒரே இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும் அச்சு தானே சுருங்கி விரியும்படி விட்டால், புள்ளி நகர்ந்ததா அச்சு நகர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாட்லியில் நிலைமை தலைகீழ்: முதல் பிரேமைப் பார்த்தே அச்சு அமைந்துவிடும், பின்னால் வளரும் புள்ளிகள் சட்டத்துக்கு வெளியே போய் மறையும். அங்கே வீச்சைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். பட்டைகளாக இருந்தால் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குவது கட்டாயம். குமிழ்களாக இருந்தால் மதிப்பைப் பரப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆரத்துக்குக் கொடுத்தால், மதிப்பு இரண்டு மடங்காகும்போது குமிழ் நான்கு மடங்காக ஊதும். புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்கச் சற்றே சிதறவைக்கும் ஜிட்டர் வசதியை அசையும் படத்தில் நேரடியாகப் பயன்படுத்தினால், ஒவ்வொரு நிலைக்கும் புதிதாகச் சிதறும். புள்ளிகள் காரணமின்றி இடமும் வலமும் ஆடும். சிதறலை ஒருமுறை கணக்கிட்டுத் தரவிலேயே ஒரு நெடுவரிசையாக எழுதிவைத்துவிட்டால் ஆட்டம் நிற்கும்.

கோப்பு வகையில் நாளிதழ்கள் தவறு செய்வது ஜிஃப் என்ற பழைய அசைபட வகையைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால். ஜிஃப்பில் ஒரு பிரேமுக்கு 256 நிறங்கள்தான். மெல்ல மாறும் நிறங்கள் பட்டை பட்டையாக வெட்டுப்படும். அதில் பிரேமுக்கு இடையிலான நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதப்படுகிறது. ஆகவே நொடிக்கு 10, 20, 25 என்று 100ஐ மீதியின்றி வகுக்கும் எண்களே பொருந்தும். 30 என்று கேட்டால் அது சரியாக அமையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பார்ப்பவருக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசையும் எதையும் வாசகர் நிறுத்தவோ மறைக்கவோ வழி வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிகளில் எழுதப்பட்ட விதி. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பதும் அதில் உண்டு; வலிப்பு நோய் உள்ளவர்களுக்காக வகுத்தது. எம்பி4 காணொளியாகக் கொடுத்தால் நிறுத்தலாம், பின்னே இழுக்கலாம், கோப்பும் பெரும்பாலும் சிறியதாக அமையும். எம்பி4 செய்யும்போது அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். 1280க்கு 720 சரி. 721 என்று வந்தால் எச்.264 என்ற காணொளிக் குறியாக்கம் அந்த இடத்திலேயே நின்று, உயரம் இரண்டால் வகுபடவில்லை என்று சொல்லும். ஆரில் ஜிஃப் செய்து தரும் ஜிஃப்ஸ்கி தொகுப்பு நிறுவப்படாவிட்டால், படத்துக்குப் பதில் நூறு தனித்தனி பிஎன்ஜி கோப்புகள் வந்து விழலாம். நிரல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், தொகுப்பை நிறுவினால் போதும். பைத்தானின் மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பில் படம் உறைந்து நின்றால், ஃபங்க்அனிமேஷன் என்ற கட்டளை உருவாக்கியதை ஒரு மாறியில் பிடித்து வைத்தீர்களா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போது அதுவும் போய்விடும்.

ஒவ்வொரு பிரேமும் ஒரு முழு வரைபடம் என்பதால் நேரம் பிடிக்கும். ஒரு பிரேமுக்கு அரை நொடி என்றாலும் 240 பிரேமுக்கு இரண்டு நிமிடம். ஆகவே முதலில் அசைவு இல்லாமல், ஆண்டுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து நிலையான படமாகப் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே தெரியும். பிறகு 20 பிரேமில் சோதனை, கடைசியில் முழு அளவு. முழு அளவுக்குப் போகும்போது அகலத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் எழுத்துகள் பொடியாகிவிடும். ரெஸ் என்ற பிரிதிறன் அமைப்பையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும்.

தமிழ் எழுத்துகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல படங்களில் ஆண்டும் பெயரும் ஆங்கிலத்திலேயே நிற்பதற்குக் காரணம், தமிழில் எழுதினால் உடைகிறது என்பதுதான். ஒற்றைக்கொம்பு யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் வரைய வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கும் இயந்திரத்தின் வேலை. அது இல்லாத வரைகருவி, சேமித்த வரிசையிலேயே ஒவ்வொரு குறியாக வைத்துக்கொண்டே போகும். வெப்பநிலை என்ற சொல்லில் முதலெழுத்தின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் ஒட்டும், கடைசி லையின் ஐகாரக் குறியும் இடம் மாறிவிடும். தொகை என்று எழுதினால் நடுவில் புள்ளி வட்டமே வந்து நிற்கலாம். மேட்பிளாட்லிப்பின் வழக்கமான ஆக் வரைகருவி நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. அங்கே கெய்ரோ என்ற வரைநூலகம் வழியாக வரையும் எம்பிஎல்கெய்ரோவுக்கு மாறலாம். ஆரில் ராக் என்ற தொகுப்பு, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதை வரைகருவியாகக் கொடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் பெயர் சொல்லி அமைத்தால் எழுத்துகள் ஒழுங்காக வரும். முழுப் படத்தை ஓட்டுவதற்கு முன் வெப்பநிலை, தொகை, கௌரவம் என்ற மூன்று சொற்களை ஒரு நிலையான படத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றும் தேறினால் மற்றவையும் தேறும்.

எதை அசைக்க வேண்டும், எதை அசைக்க வேண்டாம் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நகரும் பொருள்களில் மனிதர் ஒரே நேரத்தில் பின்தொடர முடிவது சுமார் நான்கைந்து என்று ஆய்வாளர்கள் பிலிஷின், ஸ்டார்ம் ஆகியோர் 1988இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ராபர்ட்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008இல் இதே வகைக் குமிழ்ப் படங்களைச் சோதித்தபோது, பங்கேற்றவர்கள் அசைவை ரசித்தார்கள். ஆனால் தரவை ஆராய்ந்து விடை சொல்ல வேண்டிய இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்த சிறிய நிலைப்படங்களே கூடுதல் துல்லியம் தந்தன. ராஸ்லிங்கின் படம் புரிந்ததற்குக் காரணம், பக்கத்திலேயே நின்று, இதைப் பாருங்கள், இப்போது அதைப் பாருங்கள் என்று அவர் விரல் காட்டிக்கொண்டிருந்தார். நாளிதழ்ப் பக்கத்தில் அப்படி ஓர் ஆள் நிற்பதில்லை. அந்த வேலையைப் படமே செய்தாக வேண்டும்: சொல்ல வந்த மூன்று நான்கு பெயர்களுக்கு மட்டும் நிறம், மீதிக்குச் சாம்பல், திருப்பம் நிகழும் ஆண்டில் கூடுதல் நிறுத்தம், அங்கே ஒரு வரிக் குறிப்பு. இரண்டே ஆண்டுகளை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் அசைவே வேண்டாம், அருகருகே இரண்டு படம் போதும்.

அச்சுப் பதிப்பில் அசைவு இருக்க முடியாது என்பதால் ஏதாவது ஒரு பிரேமை எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு பிரேம் அளந்த ஆண்டினுடையதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இணையப் பதிப்பில் படத்தின் அடியில், "அளவீடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, இடையில் தெரியும் நகர்வு மென்பொருள் கணித்தது" என்று ஒரு வரி சேர்த்து, தரவுக் கோப்பையும் நிரலையும் தரவிறக்க இணைப்பு கொடுங்கள். ருவாண்டாவின் குமிழ் 1994இல் ஏன் மேலே போகிறது என்று கேட்கும் வாசகர், கோப்பைத் திறந்து அந்த ஆண்டுக்கு வரிசையே இல்லை என்பதைத் தானே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தரவு வரைகலைப் பணியில் உள்ள ஒரு வாசகர்